இரும்பு படாத நாவல்

பதியம் கட்டுவதற்கு இப்போது பிளாஸ்டிக் தாள் வந்துவிட்டது. கிளையில் பட்டையை வளையமாக எடுத்து, ஈரப் பாசியை வைத்து, தாளைச் சுற்றி இரண்டு முனையிலும் நூலால் இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஈரம் வெளியே போகாது. வேர் விட்டதா இல்லையா என்று கட்டை அவிழ்க்காமலே பார்த்துக்கொள்ளலாம். நான் வேலை பார்த்த தோட்டத்தின் நாற்றுப்பண்ணைப் பையன்கள் போன வாரம் என்னை அழைத்துப் போய்க் காட்டினார்கள். அதில் ஒருவன், "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி அண்ணாச்சி காலந்தள்ளுனிய?" என்று முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட என்ன இருக்கிறது?

"மஞ்சத் துணி கட்டித் தள்ளுனோம்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இடையிடையே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். முப்பது வருஷத்துக்கு மேல் மரத்தில் ஏறி இறங்கியவனுக்கு அதற்குக்கூட உரிமை இல்லையா?

என் பெயர் சண்முகம். சொந்த ஊர் வீரகேரளம்புதூர். வயல் இருந்தது, அதை உழ அண்ணன்மார் இருந்தார்கள். எனக்கு மரத்தின் மேல்தான் ஆசை. குற்றாலத்தில் மலையடிவாரத்தில் ஒரு பெரிய பழத்தோட்டம் இருந்தது. மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு, சப்போட்டா எல்லாம் அங்கே உண்டு. அதில் தண்ணீர் சுமக்கும் கூலியாகச் சேர்ந்தேன். பிறகு நாற்றுக்குக் களை எடுத்தேன், தொட்டியில் மண் நிரப்பினேன், ஒட்டுக்கட்டுகிறவருக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது நானே கட்டினேன். கட்டியது பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் என்னை யாரும் தண்ணீர் சுமக்கச் சொல்லவில்லை.

தோட்டத்தை மேற்பார்க்கும் சூப்பரிண்டாக இருந்தவர் குரியன் சார். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர். அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை, ஆகையால் அவர் ஒன்றும் ரொம்ப தூரத்திலிருந்து வந்தவரில்லை. செடிப் படிப்பு படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் முன்னால் நின்றால் கை தானாகப் பின்னால் போகும். பயத்தால் அல்ல, நகத்தை மறைக்க. நகத்தில் அழுக்கோடு ஒருவன் செடியைத் தொடுவது அவருக்குப் பொறுக்காது. "சண்முகம், நகம் வெட்டியோ?" என்பார். வெட்டவில்லை என்றால் அன்றைக்கு வேலை கிடையாது, கூலி மட்டும் உண்டு. அந்தக் கூலியை வாங்க வெட்கமாக இருக்கும்.

பதியம் கட்டிய நாளிலிருந்து தினமும் காலையில் ஒரே கேள்விதான் கேட்பார். "பிடிச்சோ?" வேர் பிடித்துவிட்டதா என்று அர்த்தம். நேற்றுத்தானே கட்டினோம், அதற்குள் எப்படிப் பிடிக்கும் என்று முதலில் எரிச்சலாக வரும். போகப்போகத் தெரிந்தது, அவர் வேரைப் பற்றிக் கேட்கவில்லை, நான் போய்ப் பார்த்தேனா என்று கேட்கிறார். நல்லா செய்தாய் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. வேலை மனதுக்குப் பிடித்தால் தொப்பியைக் கழற்றி ஒரு தடவை தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார். அந்தத் தட்டலுக்காக நாங்கள் ஏங்கிக்கிடந்தோம்.

எல்லாம் ஜெயித்தோம் என்று சொல்ல மாட்டேன். மங்குஸ்தானை என்னென்னவோ செய்து பார்த்தோம், மசியவே இல்லை. சப்போட்டா எனக்குச் சொன்னபடி கேட்கும். எலுமிச்சையும் மாதுளையும் பதியம் கட்டத் தெரியாதவன் கட்டினாலும் வேர் விட்டுவிடும். அதனால் அவற்றைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. இலஞ்சி நாவல் மரத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

என் வீட்டுக்காரிக்கு இலஞ்சிதான் பிறந்த ஊர். ஊருக்கு வெளியே, கால்வாய்க் கரையில், ஒரு சின்ன முருகன் கோயில் உண்டு. அதை ஒட்டி ஒரு பழைய நாவல் மரம். அதன் பழத்தில் கொட்டை கிடையாது. சின்னப் பழம், சதை மட்டும்தான், வாயில் போட்டால் கரைந்துவிடும். ஆடி மாதம் முதல் கூடைப் பழம் சாமிக்குப் போகும், அதற்கப்புறம்தான் ஊருக்கு. அப்படி ஒரு மரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, குரியன் சாரும் பார்த்ததில்லை. கொட்டை இல்லாத மரத்துக்கு முளைப்பு ஏது? அது ஒன்று போனால் அந்த ஜாதியே போயிற்று.

அது போகிற நிலைமையில்தான் இருந்தது. தண்டு உள்ளே கூடாகிவிட்டது. வேரில் கரையான். மேற்குப் பக்கத்துக் கிளைகள் காய்ந்து, கால்வாய்ப் பக்கம் சாய்ந்த ஒரு பெரிய கிளையில் மட்டும் பச்சை இருந்தது. சீசன் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி அடிக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் இந்தக் காற்றுக்கு நிற்காது, அந்தக் காற்றுக்கு நிற்காது என்று ஊரில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி, ஒரு விருந்துக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் இந்தப் பேச்சு வந்தது. எனக்கு அப்போது இளவயசு, வாய் கொஞ்சம் நீளம். "எனக்கு ஒரு கிளை குடுங்க, அந்த மரத்தைப் பிள்ளை பெற வைக்கேன்" என்று சொல்லிவிட்டேன். கோயில் பூசாரி மாடசாமி எதிர்ப் பந்தியில் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். மோரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, சபையில சொல்லிட்டீரு. நடக்கலேன்னா இந்த ஊருல உமக்குச் சோறு கெடையாது, பாத்துக்கிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் குரியன் சாரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அன்றைக்கே மாலையில் இலஞ்சிக்கு நடந்து வந்தார். செருப்பைத் தூரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீழே கிடந்த ஒரு பழத்தை எடுத்து, பூசாரியிடம் கேட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி நாக்கால் கொட்டையைத் தேடினார். பிறகு என்னிடம், "சண்முகம், இது போகக் கூடாது கேட்டோ" என்றார்.

சரி என்று நான் இடுப்பிலிருந்து பதியக் கத்தியை எடுத்தேன். பூசாரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல இரும்பு படக்கூடாதுவே. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து பட்டது இல்ல. பழம் பறிக்கக்கூட மூங்கில் கொக்கிதான்."

"பட்டையை வெட்டாம பதியம் எப்படி வே கட்ட?"

"அது உம்ம பாடு."

பதியம் கட்டுவதென்றால், பென்சில் கனமுள்ள கிளையில் ஓரங்குலம் பட்டையை வளையமாக உரித்து எடுக்க வேண்டும். உரித்த இடத்தில் வழுவழுப்பாக ஒரு பால் பசை இருக்கும். அதை மிச்சமில்லாமல் சுரண்ட வேண்டும். பிறகு அந்த இடத்தில் பாசியும் மக்கிய இலையும் ஈரக் களிமண்ணும் வைத்து மூட வேண்டும். மேலிருந்து இறங்கும் சத்து கீழே போக வழியில்லாமல் அந்த இடத்திலேயே தங்கி, வேராக வெளியே வரும். பசை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் கைகோத்துக்கொள்ளும். அப்புறம் வேர் விட அதற்கு என்ன அவசியம்? கத்தி இல்லாமல் அந்தப் பசையை எடுப்பது லேசான காரியமில்லை.

நான் முணுமுணுத்தேன். குரியன் சார் முணுமுணுக்கவில்லை. "அவருடெ மரம், அவருடெ சட்டம்" என்றார். தோட்டத்து நாவல் மரம் ஒன்றில் ஒரு வாரம் முழுக்கப் பழகிப் பார்த்தோம். பனை மட்டை ஓரத்துக் கூரான கருக்கால் பட்டையில் இரண்டு வட்டம் அறுத்து, புதிதாகப் பிளந்த மூங்கில் சிம்பால் உரிக்க முடிந்தது. ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கியதும் இலஞ்சிக்குப் போய் ஆறு கிளையில் கட்டினோம். குற்றாலத்துப் பாறையிலிருந்து எடுத்த பாசி. சுற்றிக் கட்ட நான் சாக்குத் துணி கொண்டுபோயிருந்தேன். பூசாரி அதற்கும் வந்துவிட்டார்.

"இந்தச் சாக்குல கருவாடு இருந்துச்சா, என்ன இருந்துச்சு, யாரு கண்டா? சாமி மரத்துல இதைக் கட்டுதீரே!"

புதுத் துணியை மஞ்சளில் முக்கிக் கட்டச் சொன்னார். மஞ்சள் இருந்தால் பூசணம் பிடிக்காது என்று குரியன் சாரும் உடனே ஒத்துக்கொண்டார். பச்சை இலைக்குள் ஆறு மஞ்சள் உருண்டை தொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதில் வரப்போகிற வினை எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அப்போது தெரியவில்லை.

அந்தக் கோயிலில் பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் மஞ்சள் துணியில் அரிசியும் சின்ன மரத் தொட்டிலும் முடிந்து, சன்னதிக்கு முன்னால் இருந்த மூங்கில் தடுப்பில் கட்டுவார்கள். மரத்தில் யாரும் கட்டியதில்லை. எங்கள் உருண்டைகளைப் பார்த்ததும், பெரிய வேண்டுதல்காரர்கள் மரத்தில் கட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். நாலைந்து முடிச்சு பக்கத்தில் வந்து சேர்ந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை.

ஐப்பசியில் போய் எங்கள் ஆறையும் அவிழ்த்துப் பார்த்தோம். ஒன்றில்கூட வேர் இல்லை. மூங்கில் சிம்பு பசையைச் சரியாக எடுக்கவில்லை, ஆறு கிளையிலும் பட்டை மூடிக்கொண்டு சுகமாக இருந்தது. நான் அன்றைக்கு மாமனார் வீட்டு வாசலை மிதிக்காமல் வயல் வரப்பு வழியாகக் குற்றாலம் திரும்பினேன்.

ஆனால் நாங்கள் அவிழ்த்ததை ஊர் வேறுவிதமாகப் பார்த்திருக்கிறது. வேண்டுதல் பலித்தவர்கள்தானே வந்து முடிச்சை அவிழ்ப்பார்கள்? ஒரே நாளில் ஆறு முடிச்சு அவிழ்ந்தது என்றால் ஆறு வேண்டுதல் பலித்தது என்று அர்த்தம்! கல்யாணமாகாதவருக்கு வேறென்ன வேண்டுதல் இருக்கும்? தோட்டத்து சூப்பரிண்டு ஐயாவுக்குப் பெண் நிச்சயமாகிவிட்டது என்று இலஞ்சியிலிருந்து தென்காசி சந்தை வரைக்கும் பேச்சு. குரியன் சாரிடம் ஒரு கடைக்காரர் கல்யாணச் சாப்பாடு எப்போது என்று நேரில் கேட்டே விட்டார். அவர் முகம் சிவந்ததை அன்றைக்கு ஒருநாள்தான் பார்த்தேன்.

பசையை எப்படி எடுப்பது என்பதே எனக்கு அந்தக் கோடை முழுக்க யோசனை. ஒருநாள் என் வீட்டுக்காரி ஊறுகாய்க்கு மாங்காய் சீவிக்கொண்டிருந்தாள். நடுவில் ஓட்டை தேய்த்த சிப்பியால் தோலை இழுத்து இழுத்து எடுத்தாள். தோல் போனதும் அடியில் ஈரப் பச்சைகூட மிச்சமில்லாமல் மாங்காய் வெள்ளையாகப் பளபளத்தது. நான் சிப்பியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். "மாங்கா என்ன பாவம் செஞ்சிச்சு, அதைச் சீவிட்டுப் போகக் கூடாதா?" என்று அவள் பின்னாலிருந்து கத்தியது கேட்டது. நாவல் கிளையில் சிப்பியைப் போட்டு இழுத்துப் பார்த்தேன். பசை சுத்தமாக வந்தது. குரியன் சார் விரலால் தடவிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தட்டினார். இந்த யோசனை எனக்கு வந்தது, என் வீட்டுச் சிப்பியால் வந்தது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்வேன்.

மறுவருஷம் சாரல் விழுந்ததும் மறுபடி ஆறு கட்டினோம். இந்தத் தடவை சுரண்டியது எனக்கே திருப்தியாக இருந்தது. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், எங்கள் உருண்டைகளைக் காணோம். அதாவது இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் பலாக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. பலித்த முடிச்சு இருந்த இடம் என்று தேடிவந்து, ஜனங்கள் எங்கள் உருண்டை மேலேயே தங்கள் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதற்கு மேல் இன்னொருவர், அதற்கு மேல் இன்னொருவர்.

நான் பூசாரியிடம் எகிறினேன். "என்ன வே இது? கெளை முறியப்போவுது. எல்லாத்தையும் அவுத்து எறியும்!"

"சாமிகிட்ட வேண்டுதவங்களை நான் எப்படி மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்ல? அடுத்தவன் முடிச்சை நீரு அவுத்தீருன்னா அவன் வேண்டுதலை முறிச்ச பாவம் உமக்கு. பலன் கெடைச்ச கை அவுக்கலாம். அந்தக் கை பட்டா மத்தவங்களுக்கும் நல்லது. உமக்கு என்ன பலன் கெடைச்சிருக்கு, சொல்லும்?"

இனிமேல் கட்டுகிறவர்களாவது விலகிக் கட்டட்டும் என்று, எங்களுடைய ஆறுக்கும் அடையாளமாகச் சிவப்பு நூல் சுற்றிவைத்தேன். அடுத்த வாரம் எல்லோரும் சிவப்பு நூலும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

குரியன் சார் தினமும் கேட்டார், "பிடிச்சோ?" எப்படித் தெரியும்? தொட்டுப் பார்க்கவே முடியவில்லை. "தெரியல சார்" என்பேன். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். போதாததற்கு ஆடியில் சாரல் நின்றுபோனது. வெறும் காற்று மட்டும் அடித்தது, வெயில் காய்ந்தது. தோட்டத்தில் நாங்கள் கட்டிய வேறு பதியங்கள் எல்லாம் காய்ந்து உதிர்ந்தன. இலஞ்சிப் பதியத்துக்குத் தண்ணீர் விடவும் வழியில்லை. நான் மனதுக்குள் அந்த மரத்தைத் தலைமுழுகிவிட்டேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு விடிகாலை, மாமனார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மரம் விழுந்துவிட்டது.

நாங்கள் போனபோது அது வேரோடு பிடுங்கிக்கொண்டு கால்வாய்க்குக் குறுக்கே கிடந்தது. பச்சையாக இருந்த பெரிய கிளை அடிமரத்திலிருந்து பிளந்து, பாதி தண்ணீரிலும் பாதி கரையிலுமாகக் கிடந்தது. எங்கள் ஆறில் இரண்டு நசுங்கிப்போயிற்று. நான்கு அப்படியே இருந்தன, மேலே பத்துப் பதினைந்து பேருடைய வேண்டுதலோடு. வேரில்லாத கிளை எத்தனை நேரம் தாங்கும்? இலை ஓரம் அப்போதே சுருளத் தொடங்கிவிட்டது. உள்ளே வேர் இருந்தால் மதியத்துக்குள் எடுத்துத் தொட்டியில் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாவல் அன்றைக்கோடு சரி.

சுற்றி ஊரே நின்றது. முடிச்சில் கை வைக்க ஒருவரும் வரவில்லை. நான் குரியன் சாரைப் பார்த்தேன். அவர் கிறிஸ்து வேதக்காரர், அவருக்கு இந்தப் பாவம் ஒட்டாது, அவரே அவிழ்க்கலாமே என்று என் மனசு சொன்னது. அவருக்கு அது புரிந்துவிட்டது. "வேண்டா சண்முகம். இது இந்த ஜனங்களுடெ பிரார்த்தன" என்றார்.

அப்போது பூசாரிதான் சொன்னார். "அச்சன்புதூர்ல செல்லம்மான்னு ஒரு பிள்ளை. போன வருசம் இந்த மரத்துல கட்டுனவ. கல்யாணமாயி ஒம்பது வருசம் பிள்ளை இல்லாம இருந்தா. இப்பம் ஆம்பளப் பிள்ளை பெத்திருக்கான்னு கேள்வி. பலன் கெடைச்ச கை அது ஒண்ணுதான்."

மாமனாரின் சைக்கிளை எடுத்தேன். எதிர்க்காற்றில் அச்சன்புதூர் போய்ச் சேர்வதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. செல்லம்மாவின் புருஷன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லா இருக்கே கதை! பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு இந்தக் காத்துல எங்க வர? மரம் விழுந்தா விழட்டும்" என்றார்.

உள்ளேயிருந்து செல்லம்மா பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்தாள். முப்பது வயசு இருக்கும். "எந்த மரம் அண்ணாச்சி? நாவ மரமா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னைய மலடின்னு உங்க சொந்தக்காரங்க சொன்னப்ப நான் அந்த மரத்தடியிலதான் போயி அழுதேன். அதுக்கும் வாரிசு இல்லைங்காவ. வண்டியப் பூட்டுதியளா, நான் நடந்து போகட்டா?"

வண்டி பூட்டினார்.

திரும்பி வந்து பார்த்தபோது குரியன் சார் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பிளந்த கிளையின் அடிப்பகுதியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தார். மேலே உள்ள இலைகளை வாழை இலையால் மூடி, தொப்பியில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். நான் போனதிலிருந்து அப்படியே நிற்கிறாராம். குளிரில் உதடு நடுங்கியது. யார் கூப்பிட்டும் கரையேறவில்லை.

செல்லம்மா பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, கால்வாயில் கையைக் கழுவி, சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கிளையருகில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முடிச்சையும் கிழிக்காமல், நிதானமாக அவிழ்த்தாள். "யாரு கட்டினதோ, அவங்க வீட்டுலயும் தொட்டில் ஆடட்டும்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். கூட்டத்தில் நின்ற பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அவிழ்ந்த துணியைப் பூசாரி தட்டில் வாங்கி வைத்தார்.

முதல் உருண்டை எங்களுடைய துணி வரைக்கும் வந்தது. நான் பிரித்தேன். கறுத்து அழுகியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பட்டை ஓரம் தடித்து வெள்ளைப் பரு மட்டும் நின்றது, வேர் இல்லை. நாலாவதைச் செல்லம்மாவிடமே விட்டுவிட்டேன், என்னால் பார்க்க முடியவில்லை. மரத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி" என்றாள். "இங்கன பாருங்க. பிள்ளை கையி மாதிரி வந்திருக்கு."

பாசியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக வேர். உள்ளே பாசி ஈரமாகவே இருந்தது. மேலே சுற்றிய அத்தனை துணியும் சேர்ந்து ஒரு மாத வெயிலில் அந்த ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தது. நான் எந்தத் துணியை அவிழ்த்து எறியச் சொல்லிக் குதித்தேனோ, அந்தத் துணிதான் காப்பாற்றியது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஊரார் முன்னால்தான் அழுதேன், வெட்கமாக இல்லை.

"விழுந்தப்புறம் அது வெறகுதான் மாப்பிள்ளை. கத்தி போடும், பரவாயில்ல" என்றார் பூசாரி. குரியன் சார் தண்ணீரிலிருந்தே தன் கத்தியை நீட்டினார். நான் வாங்கவில்லை. இத்தனை தூரம் இரும்பு படாமல் வந்ததற்குக் கடைசியில் ஏன் கத்தி? செல்லம்மா வேர் உருண்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். குரியன் சார் கிளை ஆடாமல் பிடித்துக்கொண்டார். பனங்கருக்கால் மெல்ல மெல்ல அறுத்தேன். ஒரு வேர்கூட ஒடியவில்லை. அப்படி அறுக்க அப்போது இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

தோட்டத்து நிழலில் ஒரு வருஷம் வைத்து வளர்த்தோம். பிறகு கால்வாய்க் கரையில் அதே இடத்துக்குப் பக்கத்தில், மரக் கழியால் குழி தோண்டி நட்டோம். அதற்கப்புறம் தோட்டத்தில் பதியம் எல்லாம் நாலு சுற்றுத் துணியில்தான். குரியன் சார் அதற்கு 'அச்சன்புதூர்க் கட்டு' என்று பெயரே வைத்துவிட்டார். இப்போது பிளாஸ்டிக் தாளைக் கண்டுபிடித்தவர்களுக்கு என் வாழ்த்துகள். ஈரத்தை மூடிவைக்க வேண்டும் என்று பிள்ளை இல்லாத பெண்கள் எங்களுக்கு முன்னாடியே காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது குரியன் சார் வேலையிலிருந்து விலகி ஊருக்குப் போனார். புது மரம் முதல் தடவை காய்த்தபோது அவருக்குச் சொல்லி அனுப்பினேன். மலையைத் தாண்டி ரயிலில் வந்து செங்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்து வந்தார். தலை நரைத்திருந்தது. தொப்பி பழைய தொப்பிதான். செல்லம்மாவும் பிள்ளையோடு வந்திருந்தாள். பயல் ஓடியாடுகிற வயசு.

முதல் கூடை சாமிக்குப் போயிற்று. பூசாரி அதிலிருந்து எங்களுக்கு ஒவ்வொரு பழம் கொடுத்தார். எல்லோர் மனதிலும் ஒரே பயம்தான். பழத்துக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரைக்கும் யாரும் பார்க்கவில்லை. தாய் மரத்துக் கிளைதான் இது, மாறாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பழத்தை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பயல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, லபக்கென்று போட்டுக்கொண்டான். செல்லம்மா உடனே குனிந்து, அவன் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள். "கொட்டைய முழுங்கிராதல. துப்பு, துப்பு" என்றாள். அவன் மென்றான். எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் விழுங்கிவிட்டு, கறுத்த நாக்கை நீட்டிக் காட்டினான். செல்லம்மாவின் கை வெறுமையாகவே நீண்டிருந்தது.

குரியன் சார் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், தட்டவில்லை, மார்போடு வைத்துக்கொண்டார்.

"சண்முகம்" என்றார். "பிடிச்சோ?"

"பிடிச்சிட்டு சார்" என்றேன்.